புதுசு ஓவியரான பதினோரு நாட்கள்

அந்த வைரஸ் ஆய்வு நிறுவனத்தில் அவளை எல்லோரும் ‘புதுசு’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் சேர்ந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. அவளுக்குப் பிறகு யாரையும் வேலைக்கு எடுக்காததால் பட்டம் கைமாறவில்லை. வருடா வருடம் அவளுடைய ஒப்பந்தம் முடியும். நன்னடத்தை, மேலதிகாரிகளின் திருப்தி என்ற இரண்டையும் பார்த்து இன்னொரு வருடத்துக்கு நீட்டிப்பார்கள். அவளுக்கு வைரஸைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று குறிக்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் மாதிரிகளில் இருக்கும் வைரஸின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிப்பது அவள் வேலை. ஒரு திங்கட்கிழமை காலை நான்கு மாதிரிகளின் எழுத்துகளைத் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். நான்கும் பிறந்து சில நாளே ஆன குழந்தைகளுடையவை. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு, மூன்று வாரத்துக்குள். ஒரு குழந்தை இறந்துவிட்டது. ஒன்று மூச்சுக் கருவியில் இருந்தது. இரண்டு பிழைத்து வீட்டுக்குப் போயிருந்தன.

பிரசவத்தின்போது ஒவ்வொரு குழந்தைக்கும் வைரஸ் அதனதன் தாயிடமிருந்து வந்திருக்கும் என்று ஆஸ்பத்திரி நினைத்துக்கொண்டிருந்தது. அப்படி வந்திருந்தால் நாலு பேர் கையெழுத்துபோல நான்கும் அங்கங்கே வேறுபட்டிருக்க வேண்டும். இவை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருந்தன. அப்படியென்றால் வைரஸ் ஒரே ஒரு முறைதான் உள்ளே நுழைந்திருக்கிறது. அதன் பிறகு வார்டுக்குள்ளேயே, கைகள் வழியாக, தொட்டிலுக்குத் தொட்டில் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லை. கையில் தேய்க்கும் சானிடைசர் முக்கியமாக அந்த உறையைக் கிழித்துத்தான் வைரஸைக் கொல்கிறது. கிழிக்க உறையே இல்லாத வைரஸிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் தண்ணீரும் வேண்டும், ப்ளீச் வேண்டும். அந்த வார்டில் ஒவ்வொரு தொட்டிலருகிலும் சானிடைசர் பாட்டில் தொங்கும். நர்ஸுகள் விதிப்படி தேய்த்துவிட்டு அடுத்த குழந்தையைத் தொடுவார்கள்.

இரண்டு நிமிட போன் பேச்சு. அவ்வளவுதான் தேவை. அவள் எழுந்து பிரிவுத் தலைவியின் அறைக்கு ஓடினாள்.

தலைவி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார். “இது கண்டுபிடிப்பா, தகவலா?”

“ரெண்டும்தான் மேடம். பச்சைக் குழந்தைங்க வார்டு. உடனே சொல்லணும்.”

“கண்டுபிடிப்புன்னா வெளியீட்டுக் குழுவுக்குப் போகணும். மாசத்துல முதல் வியாழக்கிழமை கூடுவாங்க. போன வியாழக்கிழமைதான் கூடிக் கலைஞ்சாங்க. தகவல்னா மக்கள் தொடர்பு அதிகாரி கையெழுத்து போதும். நான் தகவல்னு போட்டுத் தரேன். உனக்காகத்தான்.”

“நானே அந்த வார்டுக்கு ஒரு போன் பண்ணிடட்டுமா மேடம்?”

தலைவி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“விதி பதினேழு படிச்சிருக்கியா? இங்க தெரிஞ்சது எதுவும் அனுமதி இல்லாம வெளிய போகக் கூடாது. போன வருஷம் ஒருத்தர் லிஃப்ட்ல நின்னுக்கிட்டுத் தன் ரிசல்ட்டைப் பத்திப் பேசினாரு. இப்ப அவரு எங்க இருக்காரு?”

“எங்க மேடம்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

புதுசு வாயை மூடிக்கொண்டாள். ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருந்தது. அவள் கோழை என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். அவளும் மறுக்க மாட்டாள்.

மக்கள் தொடர்பு அதிகாரியின் அறைதான் அந்தக் கட்டடத்திலேயே பெரியது. ஆய்வகத்தில் குளிர்சாதனம் பழுதாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. இங்கே அதிகாரி கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தார்.

“உங்களைத்தாம்மா தேடிக்கிட்டிருந்தேன்!” என்று எழுந்தே நின்றுவிட்டார். தலைவி ‘தகவல்’ என்று எழுதித் தந்த கோப்பை அவள் நீட்ட, அதை வாங்கி, அதன்மேல் தன் காபிக் கோப்பையை வைத்தார். “இயக்குநர் ஒரு பெரிய திட்டம் போட்டிருக்காரு. பேரு ‘ஆய்வகத்துக்கு அப்பால்’. விஞ்ஞானிங்கன்னா மெஷின்னு ஜனங்க நினைக்கறாங்க. அவங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்குன்னு காட்டப் போறோம். முதல் ஆளு நீங்கதான். இளம் வயசு, பெண், முகமும் கொஞ்சம் பாவமா இருக்கு. அமோகமா எடுபடும்.”

“சார், அந்தக் கோப்பு அவசரம். குழந்தைங்க...”

“இது முடியற வரைக்கும் வேற எந்தத் தகவலும் வெளிய போகக் கூடாதுன்னு உத்தரவு. ஜனங்க கவனம் சிதறிடுமாம். சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் கையெழுத்து. உங்க கையிலதான் இருக்கு. சொல்லுங்க, ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க?”

புதுசு யோசித்தாள். அவள் கணவன் பஸ் டிரைவர். அவனுக்கு ஷிஃப்ட் முடியும்போது இவள் ஆய்வகத்தில் இருப்பாள். இவள் வீடு திரும்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அதனால் தினமும் காலையில் அவன் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறி, அவன் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாற்பது நிமிடம். தலைக்கு மேலே ‘ஓட்டுநரிடம் பேசாதீர்கள்’ என்று எழுதியிருக்கும். அதன் அடியில் நின்றுதான் இருவரும் குடும்பம் நடத்தினார்கள்.

“என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டறாரு சார். நான் அவர் பஸ்ல போவேன்.”

அதிகாரியின் பேனா நின்றது. “அது போக்குவரத்தும்மா. நான் கேக்கறது வாழ்க்கை.”

“எங்களுக்கு அதுதான் சார் வாழ்க்கை.”

“மலையேற்றம்? நீச்சல்? ஏதாவது வாசிப்பீங்களா, கிடார் மாதிரி?”

“பயிற்சி முடிச்சதிலேருந்து ஞாயித்துக்கிழமையும் இங்கதான் சார் இருக்கேன்.”

“அதையெல்லாம் போட முடியாது. ஓவியம்னு போட்டுக்கலாமா?”

“எனக்கு வரைய வராது சார்.”

“வைரஸ் படம் வரைஞ்சிருப்பீங்கல்ல?”

“வெறும் வட்டம்தான் போடுவேன்.”

‘நவீன ஓவியம்’ என்று எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை படம் எடுத்தார்கள். அதற்காக இயக்குநரின் மனைவி தீட்டிய ஓவியம் ஒன்று வீட்டிலிருந்து காரில் வந்து இறங்கியது. குதிரைப் படம். ஐந்து கால்கள் இருந்தன. ஒன்று வால் என்று பிறகு விளக்கப்பட்டது. புதுசுவின் கையில் தூரிகையைக் கொடுத்து, குதிரையின் முதுகைத் தொடுவதுபோல நிற்கச் சொன்னார்கள்.

“வேலையை மறந்த மாதிரி சிரிங்க” என்றார் புகைப்படக்காரர்.

அவள் சிரித்தாள். மூச்சுக் கருவியில் இருந்த குழந்தை நேற்று எப்படி இருந்ததோ, அது தெரியவில்லை. பதினான்கு முறை சிரித்தாள்.

அடுத்தது குடும்பப் படம். அவள் கணவன் இரண்டு நடைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, காக்கிச் சட்டையோடு வந்து நின்றான். அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை மாதிரி ஆளுங்க மேல எங்க நிறுவனத்துக்கு ரொம்ப மரியாதை. அதனாலதான் உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு பாக்கறோம். அறிவாளிக் குடும்பமா தெரியணும்னு இயக்குநர் சொல்லியிருக்காரு.”

நூலகர் வரவழைக்கப்பட்டார். உயரமானவர், கண்ணாடி போட்டவர். கையில் தடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்துப் புதுசுவின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர் வியர்த்துக்கொண்டே அவளிடம் முணுமுணுத்தார்: “மன்னிச்சுக்கம்மா. எனக்கும் ஒப்பந்தம்தான்.”

கணவன் கைகளைக் கட்டிக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனான்.

மாலையில் கோப்பு திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை. சிவப்பு மையில் திருத்தங்கள் இருந்தன. ‘நான்கு குழந்தைகள்’ என்பது ‘சில இளம் பயனாளிகள்’ ஆகியிருந்தது. ‘ஒரு குழந்தை இறந்தது’ என்ற இடத்தில் ‘ஒரு பயனாளி சிகிச்சையைத் தொடரவில்லை’ என்றிருந்தது. ‘கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்ல வேண்டும்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘தூய்மையில் எமது நிறுவனம் நெடுங்காலமாகக் காட்டிவரும் அக்கறை அனைவரும் அறிந்ததே’ என்று எழுதியிருந்தார்கள்.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு பிரிவுத் தலைவியிடம் போனாள். தலைவி படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“பயனாளிகள்னு வந்துடுச்சே. இனிமே இது தகவல் இல்ல. பயனாளிகள் நலக் குழுவுக்குப் போகணும்.”

“அது எப்ப மேடம் கூடும்?”

“அப்படி ஒரு குழுவை இன்னும் அமைக்கல. அமைக்கச் சொல்லி எழுதறேன். உனக்காகத்தான்.”

மறுநாளும் அதற்கு மறுநாளும் புதுசு மூன்று மாடிகளையும் ஏறி இறங்கினாள். யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், ‘உன் வயசுல நானும் இப்படித்தான் துடிச்சேன்’ என்றார்கள். துணை இயக்குநர் ஒருவர் மட்டும் கோப்பைக் கடைசி வரை படித்தார். படித்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழையைச் சுட்டிக்காட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, தூரத்தில் வரும் பஸ்ஸின் பக்கவாட்டில் தன் முகத்தையே பார்த்தாள். ஆள் உயரப் படம். பக்கத்தில் குதிரை, அதற்குப் பக்கத்தில் புத்தகத்தோடு நூலகர். ‘ஆய்வகத்துக்கு அப்பால்: அன்புக் கணவருடன் எங்கள் இளம் விஞ்ஞானி’. ஸ்டியரிங்கில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான்.

அவள் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் இரண்டு நிறுத்தங்களில் ஆட்களை ஏற்றி இறக்கினான்.

“ஆளு நல்லாத்தான் இருக்காரு” என்றான் கடைசியில். “டிப்போவுல மாலை வாங்கிட்டு வந்து எனக்கு ஆறுதல் சொல்றாங்க.”

அவள் சிரித்தேவிட்டாள். அவன் கியரை மாற்றிக்கொண்டு கேட்டான்:

“அந்தக் குழந்தைங்க விஷயம் சொல்லிட்டியா?”

“இன்னும் கையெழுத்து வரல.”

“என்கிட்ட என்னைக்குச் சொன்ன நீ, திங்கட்கிழமைதானே?”

“போன திங்கட்கிழமை.”

“ஒரு போன் பண்ண என்ன டாக்டரே?”

“வேலை போயிடும்.”

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பிறகு பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டான். மீதி முப்பது நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பலகையில் எழுதியிருந்ததை அவன் மதித்தது அன்று ஒரு நாள்தான்.

வெள்ளிக்கிழமை ‘ஆய்வகத்துக்கு அப்பால்’ தொடக்க விழா. அரங்கில் பூச்செடிகள் வைத்திருந்தார்கள். ஆய்வகங்களையெல்லாம் பூட்டிவிட்டு ஊழியர்களை அழைத்து வந்து நாற்காலிகளை நிரப்பியிருந்தார்கள். இயக்குநர் பேசினார்:

“நண்பர்களே! என்கிட்ட நிறைய பேர் கேக்கறாங்க, இந்த நிறுவனம் இத்தனை வருஷத்துல என்ன கண்டுபிடிச்சதுன்னு. நான் பெருமையோட சொல்றேன், நாங்க அவசரப்பட்டதே இல்ல! அவசரப்பட்டு எதையாவது சொல்லி, அது சரியாப் போயிட்டா என்ன ஆகும்? தினமும் சொல்லச் சொல்லிக் கேப்பாங்க. ஒரு நிறுவனத்தோட கௌரவம் எதுல இருக்கு? அது சொன்னதுல இல்ல. சொல்லாம காப்பாத்தினதுல இருக்கு. வைரஸ் எங்கயும் போயிடாது, காத்திருக்கும். ஆனா நம்ம நற்பெயர் காத்திருக்குமா?”

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் அவர் மனைவி மட்டும் தட்டவில்லை. தன் குதிரையை யாரோ ஒருத்தி வரைந்ததாகப் போட்டுவிட்டார்கள் என்று அவருக்கு ஆத்திரம்.

அடுத்துப் புதுசு பேச வேண்டும். ‘வேலையும் வாழ்வும்: நான் சமன் செய்யும் விதம்’. அதற்கான உரையை அதிகாரி எழுதிக் கொடுத்திருந்தார். மேடையருகே காத்திருந்தபோது, வரவேற்பறை ஊழியர் வந்து அவள் கையில் ஒரு சிறிய குளிர்ப்பெட்டியைத் திணித்தார்.

“லேப் பூட்டியிருக்கு மேடம். இதை யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியல.”

மாதிரிப் பெட்டி. அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. ஐந்தாவது குழந்தை. மேலே ஒட்டியிருந்த படிவத்தில் ‘தற்போதைய நிலை’ என்ற இடத்தில் ‘இன்று காலை இறப்பு’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே, கட்டத்துக்கு வெளியே, அதே கையெழுத்தில் இன்னொரு வரி: ‘தயவுசெய்து யாராவது ஏதாவது சொல்லுங்கள்.’

படிவத்தின் மூலையில் வார்டின் தொலைபேசி எண் இருந்தது. முதல் நான்கு படிவங்களிலும் அது அச்சாகித்தான் இருந்தது.

மேடையில் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரங்கை விட்டு வெளியே நடந்தாள். வாகன நிறுத்தத்தில், வெயிலில், ஒரு காரின் பின்புறம் நின்றுகொண்டு அந்த எண்ணுக்குப் போன் செய்தாள். வார்டின் தலைமை நர்ஸ் எடுத்தார்.

புதுசு எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கணக்குத் தப்பவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“சானிடைசர் போதாதா?” என்றார் நர்ஸ்.

“இந்த வைரஸுக்குப் போதாது. சோப்பு, தண்ணி, ப்ளீச்.”

“நாங்க தோல் உரியற வரைக்கும் அதைத்தாம்மா தேய்ச்சோம். என் பொண்ணுங்க கையெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. மூணு வாரமா தினமும் உங்க ஆபீசுக்குப் போன் பண்ணேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பொம்பளை ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ன்னா. அது ரெக்கார்டிங்னு தெரியாம அவகிட்ட நான் கெஞ்சியிருக்கேன்.” குரல் உடைந்து, உடனே சரியானது. “சரி, வைங்க. எனக்கு வேலை இருக்கு.”

அன்று பிற்பகலே வார்டைக் காலி செய்து, குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டியிலிருந்து கதவுக் கைப்பிடி வரை ப்ளீச் போட்டுத் துடைத்தார்கள். தொட்டில்களுக்கு நடுவே சோப்பும் தண்ணீருமாகக் கைகழுவ இடம் வைத்தார்கள். அதன் பிறகு ஒரு குழந்தைக்கும் வரவில்லை. மூச்சுக் கருவியில் இருந்த குழந்தையும் பிழைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் புதுசுவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதே நாள் செய்தித்தாளில் இயக்குநரின் படமும் வந்தது. ‘பதினோரே நாளில் நோய்ப் பரவலைக் கட்டுப்படுத்திய நிறுவனம்’ என்று தலைப்பு. பதினோரு நாள் என்ற கணக்கை அவர்களே எண்ணிச் சொல்லியிருந்தார்கள், பெருமையாக.

விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். பயனாளிகள் நலக் குழுவை அமைக்க ஆள் கிடைக்கவில்லை. இதற்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டார்கள்.

“போன் உங்களுடையதா, நிறுவனத்துடையதா?”

“என்னோடது.”

“தெரிஞ்ச விஷயம்?”

“என்ன சார்?”

“நீங்க சொன்னீங்களே, அந்த விஷயம். அது உங்களுடையதா, நிறுவனத்துடையதா? நிறுவன விஷயத்தைச் சொந்த போன்ல எடுத்துட்டுப் போயிருக்கீங்க. பேனாவை எடுத்துட்டுப் போனா திருட்டுங்கறோம். இதுக்கு என்ன பேரு?”

“குழந்தை செத்துப்போச்சு சார்.”

“அது எங்க விசாரணை வரம்புக்குள்ள வரல” என்றார் தலைவர், பரிவோடு. “பாரும்மா, உன் எதிர்காலத்தைக் கெடுக்கணும்னு யாருக்கும் ஆசையில்ல. பஸ்ஸுல எல்லாம் உன் படம் ஓடிட்டிருக்கு. அதைக் கிழிக்கறதுக்கு வேற செலவாகும். ‘வருந்துகிறேன்’னு ஒரு வரி எழுதிக் கொடு, முடிச்சுக்கலாம்.”

அவள் காகிதத்தை வாங்கி நின்றபடியே எழுதினாள்: ‘விதி பதினேழை மீறியதற்கு நான் வருந்தவில்லை. அதைப் பதினோரு நாள் மதித்ததற்கு வருந்துகிறேன்.’

மூவரும் படித்தார்கள். ‘வருந்துகிறேன்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. முத்திரை குத்தி, விசாரணை சுமுகமாக முடிந்ததாகப் பதிந்துகொண்டார்கள்.

அன்று மாலை தலைமை நர்ஸ் அவளுக்குப் போன் செய்தார். “அந்த அஞ்சாவது குழந்தையோட அம்மா சர்டிபிகேட் வாங்க வந்திருக்காங்க. யார் போன் பண்ணாங்கன்னு கேக்கறாங்க. வர முடியுமா? வரலைன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

புதுசு போனாள். வார்டுக்கு வெளியே நீளமான பெஞ்சில் அவள் வயதே இருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதில் காகிதங்கள். புதுசு பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் யார், என்ன வேலை, திரையில் என்ன பார்த்தாள் என்று சொன்னாள். அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள்.

“உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?”

“திங்கட்கிழமை.”

“எந்தத் திங்கட்கிழமை?”

புதுசு தேதியைச் சொன்னாள். அந்தப் பெண் உறைக்குள்ளிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். பார்க்கத் தேவையில்லாத தேதிதான், ஆனாலும் பார்த்தாள்.

“அன்னைக்கு என் பொண்ணு பொறக்கவே இல்லையே. அவ புதன்கிழமைதானே பொறந்தா.”

புதன்கிழமை புதுசு குதிரைக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அதையும் சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெண் அவளை அடித்திருந்தால் அவளுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை.

“சொல்ல வேணாம்னு யார் சொன்னது?”

“ஒருத்தர் இல்ல.”

“எத்தனை பேரா இருந்தாலும் பரவால்ல. எழுதுங்க.”

புதுசு எழுதினாள். யார், என்ன பதவி, எந்த அறை, எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். பயந்துகொண்டு போன் செய்யாதவள் என்று தன்னையும் எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பெண் அதை மெதுவாகப் படித்து முடித்து, மடித்து உறைக்குள் வைத்தாள்.

“இதை எங்க கொண்டு போய்க் கொடுக்கணும்?”

“போலீஸ் ஸ்டேஷன்லேருந்து ஆரம்பிக்கலாம்” என்று புதுசு எழுந்தாள். “நானும் வரேன்.”